பாட்டு ஒத்திகை நாள்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர்கள் சிலர் கேட்டார்கள்: "இந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் சுரங்கமே கிடையாதே, வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளர்களின் பாட்டைப் பற்றி இங்கே எதற்குப் பேச்சு?" கேட்டது நியாயம்தான். சுரங்கம் என்றால் தமிழருக்கு முதலில் கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. மேற்பார்வைக்கு வந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். தங்கவயலின் பஜனைகளையும் மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்தையும் பற்றிப் பேச ஒரு மாலை போதாது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் நடந்ததற்கு மிக நெருங்கிய ஒன்று நமக்குத் தெற்கே, கார் நிக்கோபாரில் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே குழி இல்லை, கூண்டு இல்லை, கரி இல்லை. தென்னையும் கொப்பரையும் கடலும் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர் கிறிஸ்தவ ஆலயம், ஆலயத்துக்கு ஆலயம் பாடகர் குழு. தொழிலாலும் உறவாலும் நெருங்கி வாழும் ஒரு ஊர் தன் குரலைத் தானே பிரித்து அடுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திப் பாடும் பழக்கம் இரண்டு இடங்களிலும் வேர்விட்டிருக்கிறது. அது எதனால் வேர்விட்டது, எதனால் நிலைக்கிறது, எது போனால் போய்விடும் என்பதுதான் இன்று என் பேச்சு. என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடகர் குழு உயிரோடு இருக்கும் இடம் ஒத்திகை. ஒரே ஊர்க்காரர்கள், வாரத்தில் குறித்த மாலையில், குறித்த கூடத்தில், உழைத்துக் களைத்த உடம்போடு வந்து உட்கார்ந்து ஒரே அடியைப் பத்துத் தடவை பாடுகிறார்களே, அது நின்றால் குழு நின்றது. நல்ல குரல் எங்கும் கிடைக்கும். அந்த மாலை கிடைப்பதுதான் அருமை.

வேல்ஸின் தெற்கில் ராண்டா என்று ஒரு இரட்டைப் பள்ளத்தாக்கு. 1851-இல் அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை. ஆடு மேயும் மலை. 1911 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இடையில் வந்தது கரி. கப்பல் கொதிகலன்களுக்கு உகந்த அந்த நிலக்கரிக்காக மலையடிவாரமெங்கும் குழி தோண்டினார்கள். 1920-இல் தென் வேல்ஸ் சுரங்கங்களில் 2,70,000-க்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பலர் வாடகை அறைக்காரர்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்துபோன படுக்கையில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆகவே நிலத்துக்கு அடியில் இருந்தது முழுக்க ஆண்களின் உலகம். அங்கே பக்கத்தில் நிற்பவனின் எச்சரிக்கைக் குரலைக் காதில் வாங்குவதே உயிரைக் காக்கும் பழக்கம்.

ஆண்குரல் குழு தனியாகப் பிறந்ததற்கு இந்த எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஷிப்ட் முடிந்து கரி அப்பி வரும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் வெந்நீர் காய்ச்சி, துணி அலசி, அடுத்த ஷிப்டுக்குப் போகிறவனுக்குச் சோறு கட்டிக்கொடுத்து, நாள் முழுவதும் அடுப்படியில் நின்றவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். வாரநாள் மாலையில் இரண்டு மணி நேரம் எழுந்துபோக அவர்களுக்கு விடுதலை இல்லை. ட்ரியோர்க்கி ஊர் ஆண்கள் பாடகர் குழுவின் இசைத்தட்டைக் கேட்டு உருகும் நாம், அந்த மாலையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

பாட்டு எங்கிருந்து வந்தது? ஆலயத்திலிருந்து. வேல்ஸ் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள். தங்கள் கூலிக்காசில் தாங்களே கட்டிய எளிய ஆலயங்களில் தங்கள் மொழியில் வழிபட்டவர்கள். 1859-இல் அபெர்டேர் ஊரில் யெயன் குவித் என்ற புனைபெயர் கொண்ட ஜான் ராபர்ட்ஸ் பல ஆலயத்தாரைக் கூட்டி, நான்கு குரலில் கீதங்களைப் பழக்கும் பாட்டுத் திருவிழாவைத் தொடங்கினார். மேடையும் பார்வையாளரும் என்ற பிரிவு அங்கே கிடையாது. வந்தவர் எல்லோரும் பாடகர். அந்த வழக்கம் நாடு முழுவதும் பரவியது.

இவ்வளவு பேருக்கு நான்கு குரல் எப்படிப் பிடிபட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நார்விச் நகரத்து சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்த ஒரு முறையை, ஜான் கர்வென் என்ற போதகர் 1840-களில் செப்பனிட்டார். அதுதான் டானிக் சோல்-ஃபா. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்ற ஏழு ஸ்வரங்களுக்கும் தலைக்கு ஒரு எழுத்து. ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் வரிக்கு ஒரு குரலாக நான்கு வரிகளில் எழுத்துகள் ஓடும். அடிக்கு அடி நடுவே முக்காற்புள்ளி. ஆவர்த்தம் முடிந்தால் செங்குத்துக் கோடு. ஸ்வரம் நீள வேண்டுமானால் ஒரு சிறு கிடைக்கோடு. மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலைமேல் ஒரு கீற்று, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில். அவ்வளவுதான். ஐந்து கோடும் உருண்டைக் குறிகளும் வேண்டாம். ஊர் அச்சுக்கூடத்தில் இருக்கும் சாதாரண எழுத்துகளே போதும், ஒரு பாட்டின் தாள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. பியானோவும் தேவையில்லை. சுவரில் ஸ்வரங்களைச் செங்குத்தாக எழுதிய நீளத் தாள் தொங்கும்; ஆசிரியர் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுட்டச் சுட்டக் கூட்டம் பாடும்.

நம் சங்கீதம் அறிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். நாம் ஷட்ஜத்தைப் பாடுகிறவரின் குரலுக்கு வாகான சுருதியில் வைத்துக்கொண்டு மற்ற ஸ்வரங்களை அதிலிருந்து அளக்கிறோம். சோல்-ஃபாவும் அப்படித்தான்; டோ எந்தச் சுருதியிலும் உட்காரும், மற்றவை அதற்கு உறவுமுறையில் வரும். பள்ளிக்கூடம் பார்க்காத கரிவெட்டி ஒருவன் குளிர்காலம் முடிவதற்குள் இசையமைப்பாளர் ஹாண்டெலின் சேர்ந்திசையில் பேஸ் என்ற கீழ்க்குரலைத் தானே படித்துப் பாடினான் என்றால் அதற்கு இந்தக் காகிதமும் வாரம் இரண்டு மாலையும்தான் காரணம். இசைக்கல்வி பணக்காரர் வீட்டுப் பியானோவை விட்டு வெளியே வந்த வரலாறு இது. இதற்கு இணையாக மக்களை நம்பிச் செய்த காரியம் இசை வரலாற்றில் அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

போட்டி அதற்கு எரிபொருள் ஊற்றியது. ஐஸ்டெத்வோட் என்ற கலைவிழாப் போட்டிக்குக் கட்டாயப் பாட்டு ஒன்றை அறிவிப்பார்கள். மாதக்கணக்கில் பல ஊர்களும் அதையே பழகும். தெருவில் போகிற சிறுவனுக்குக்கூட டெனர் என்ற ஆண்களின் மேல்குரலில் இரண்டாம் வரிசை எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரியும். கொல்லுப்பட்டறையில் வேலை பழகிய கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், ஊரார் வைத்த பெயரில் காராடாக், சுமார் 460 பேர் கொண்ட கலப்புக் குழுவை லண்டன் கிரிஸ்டல் மாளிகைக்கு அழைத்துப்போய், 1873-இல் தலைநகரத்துக் குழுவைத் தோற்கடித்துக் கோப்பையோடு திரும்பினார். அபெர்டேரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1895-இல் ட்ரியோர்க்கி ஆண்கள் குழு விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணியின் முன் பாடியது. மெர்திர் டிட்வில் ஊரின் ஜோசஃப் பாரி ஒன்பது வயதில் சுரங்க வேலைக்குப் போனவர். பின்னாளில் இசைப் பேராசிரியர் ஆனார்.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது நுரையீரலையும் சொல்ல வேண்டும். கரித்தூளும் கற்தூளும் மூச்சுப்பையில் படிந்து இறுகும் நோய் அந்தப் பள்ளத்தாக்குகளில் வீட்டுக்கு வீடு இருந்தது. மூச்சை இழுத்து நிறுத்திப் பாடும் கலையைத் தங்கள் அடையாளமாக்கியவர்கள், மூச்சைத் தின்னும் தொழிலில் இருந்தவர்கள். 1913 அக்டோபர் 14 அன்று செங்கெனித் சுரங்கம் வெடித்ததில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். 1966 அக்டோபர் 21 காலை, அபெர்வான் ஊரின் மேலே குவித்து வைத்திருந்த சுரங்கக் கழிவு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. இறந்தவர் 144, அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அந்த ஊர் ஆண்கள் அதன்பின் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். அந்தக் கூடுகையிலிருந்து அனிஸோவென் ஆண்கள் பாடகர் குழு பிறந்தது. மேடைக்காகவோ கோப்பைக்காகவோ அவர்கள் கூடவில்லை. வாரம் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே வந்து, தன்னைப்போலவே பிள்ளையைப் பறிகொடுத்தவனின் பக்கத்தில் நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. என் பேச்சில் நான் சொல்ல வந்ததற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

பின்னர் சுரங்கங்கள் மூடின. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது. ராண்டாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990-இல் நின்றது. குழுக்கள் நிற்கவில்லை. கரி வெட்டாத பேரன் தாத்தாவின் பேஸ் வரிசையில் நிற்கிறான். ஆனால் வரிசைகள் நரைத்துவருவதும் உண்மை. வேலைக்காகத் தொலைதூரம் போய்வரும் இளைஞனுக்குச் செவ்வாய்க்கிழமை மாலை ஊரில் இருக்க முடிவதில்லை.

இந்த வேல்ஸ் பாட்டுக்கு இந்தியாவோடு நேர்வழித் தொடர்பே உண்டு. 1841-இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் மிஷனரி காசி மலையின் சோஹ்ராவுக்கு வந்தார். 1904-இல் வேல்ஸில் எழுந்த சமய எழுச்சிக்கு முன்னின்ற இவான் ராபர்ட்ஸ் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்த அலை அடுத்த ஆண்டே காசி மலையைத் தொட்டது, 1906-இல் மிசோ மலைக்குப் போனது. மிசோரத்தில் இன்றும் சோல்-ஃபா எழுத்தோடு அச்சாகும் பாட்டுப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. காசி மொழியும் நம் நிக்கோபாரிய மொழிகளும் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மொழி உறவால் பாட்டு உறவு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிக்கோபாருக்கு வேல்ஸ்காரர்கள் வரவும் இல்லை. அங்கே பாட்டு வேறு வழியாக வந்தது. அந்த வழியில் தமிழர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் இந்த மண்ணின் மூத்த குடிகளைப் பற்றிச் சில வார்த்தைகள். அந்தமானியரின் இசையைப் பற்றி இங்கே அதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன் 1888-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1906 முதல் 1908 வரை ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனும் எழுதியிருக்கிறார். ஆடுகளத்தில் கேடய வடிவில் செதுக்கிய ஒரு மரப்பலகை கிடக்கும். அதன் கூர்முனையை மண்ணில் அழுத்தி, பாட்டுக்காரன் ஒரு காலால் அதை மிதித்துத் தாளம் போடுவான். ஒருபக்கம் வரிசையாக உட்கார்ந்த பெண்கள் தொடையில் தட்டியபடி பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். ஆண்கள் ஆளாளுக்குச் சொந்தப் பாட்டுக் கட்டுவார்கள்; ஒருவன் கட்டியதை இன்னொருவன் எடுத்துப் பாடுவது முறையல்ல. பாட்டு தனி உடைமை, பல்லவிதான் ஊருடையது. நோயும் குடியேற்றமும் பெரிய அந்தமானியரை விரல்விட்டு எண்ணும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, பல்லவி வாங்க ஆளில்லாமல் போனது. அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் இங்கே போர்ட் பிளேயரில் காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்த அவருடைய குரலில் பாட்டும் இருக்கிறது. தனியாகப் பாடிய பாட்டு.

இனி நிக்கோபார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் இந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடியபோது, அவர்களுடைய தலைமையிடம் நம் தரங்கம்பாடி. மொராவியச் சகோதரர்கள் என்ற ஜெர்மானியச் சமயக் குழுவினர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தோட்டம் அமைத்துத் தங்கி, 1768-இல் நன்கவுரித் தீவுக்கு ஆள் அனுப்பினார்கள். வேலை நடுவிலும் கூடிப்பாடுவதையே வழிபாடாகக் கொண்டவர்கள் அவர்கள். ஆனால் நிக்கோபார்க் காய்ச்சல் அவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோனது. 1787-இல் கடையைக் கட்டினார்கள். எஞ்சியவர்களில் ஒருவரான ஹென்சல் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812-இல் லண்டனில் அச்சாயின. ஏறக்குறைய இருபது ஆண்டுப் பாட்டுக்கு அங்கே வாரிசு இல்லை. சேர்ந்து பழக ஊர் இல்லாதவர்கள் பாடிய பாட்டு அது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கார் நிக்கோபாரின் வடக்கு முனையில் உள்ள மூஸ் கிராமத்துக்கு ஒரு தமிழர் போனார். பெயர் வேதப்பன் சாலமோன். உபதேசியார், பள்ளி ஆசிரியர், அரசாங்கத்தின் முகவர் என்று மூன்று பொறுப்பும் அவருக்கே. போர்ட் பிளேயரில் செல்லுலார் சிறை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். 1896 முதல் 1906 வரை இங்கே ஒருவன் குரல் இன்னொருவனுக்குக் கேட்காதபடி ஆளுக்கு ஓர் அறையாகச் சுவர் எழுப்பினார்கள். அங்கே தென்னந்தோப்புக்குள் ஒரு தமிழ் ஆசிரியர் பையன்களை ஒரு கூரையின்கீழ் உட்கார்த்தி எழுத்தும் கீதமும் பழக்கினார். அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் சாவு, எந்த ஊரில் விழா என்று நாளுக்கு நாள் குறித்தவற்றின் பகுதிகள் 1902-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. இன்றுவரை கார் நிக்கோபார் வரலாற்றை எழுதுகிற எவரும் அவரைத் தொடாமல் போக முடியாது. தமிழில் அவரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்? இந்த மன்றத்தில் இருப்பவர்களிலேயே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கு இது உள்ளபடியே வருத்தம் தருகிறது.

சாலமோனிடம் படித்த பையன்களில் ஒருவன் ஹாச்செவ்கா. பர்மாவின் மாண்டலேக்குப் படிக்கப் போய், ஜான் ரிச்சர்ட்சன் ஆகி, ஊர் திரும்பி ஆசிரியரானார். தன் மக்களின் மொழிக்கு எழுத்து வழக்கம் அமைவதிலும், விவிலியமும் வழிபாட்டு நூலும் அந்த மொழியில் வருவதிலும் அவர் பங்கு பெரிது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சிறைப்பட்டு மரணத்தின் விளிம்பு வரை போய் மீண்டார். 1950-இல் பேராயர் அபிஷேகம், 1952-இல் முதல் மக்களவையில் இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினர், பின்னாளில் பத்மபூஷண். அவர் தலைமுறையில்தான் கார் நிக்கோபார் முழுவதும் ஆலயமும் அதனோடு பாடகர் குழுவும் பரவின.

ஆனால் கூடிப் பாடும் பழக்கத்தையே மிஷன் கொண்டுவந்தது என்று நினைத்தால் நிக்கோபாரியருக்கு அநீதி செய்தவர்களாவோம். ஆங்கில அதிகாரி இ.எச். மேனும் மிஷனரி ஜார்ஜ் ஒயிட்ஹெட்டும் எழுதியவற்றில் பழைய வழக்கம் தெளிவாக இருக்கிறது. இறந்தோரின் எலும்புகளைத் திரும்ப எடுத்து மரியாதை செய்யும் பெருவிழாவுக்குப் பன்றிகளை வருஷக்கணக்கில் வளர்ப்பார்கள். புதுப் பாட்டுக் கட்டுவார்கள். பல இரவுகள் முன்கூட்டியே பழகுவார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளில் கைபோட்டு வட்டமாக நின்று, ஆணும் பெண்ணும், மெதுவாக அடியெடுத்து வைத்துப் பாடுவார்கள். வட்டத்தில் இடம் பெறுவதற்கு நல்ல குரல் நிபந்தனை இல்லை. ஊர்க்காரராக இருப்பதே போதும். கீதம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஒத்திகைக்குப் பழகிய ஒரு ஊர் ஏற்கெனவே காத்திருந்தது. நான்கு குரல் புதிது, வட்டம் பழையது. வேல்ஸிலிருந்து இங்கே ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. தென்னந்தோப்பு வேலை பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை, பாட்டுக் குழுவும் நிறுத்தவில்லை.

நம் ஊரில் வசிக்கும் நிக்கோபாரியர் சிலரின் ஒத்திகையைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்க எனக்கு வாய்த்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாட்கள். ஒரு பக்கம் துறைமுக வேலை முடித்து நேரே வந்த ஆண்கள், இன்னொரு பக்கம் நர்ஸ் சீருடையிலேயே வந்த இரண்டு பெண்கள். பேஸ் குரல்காரர்கள் ஒரு அடியில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் டெனரோடு ஒட்டிக்கொண்டே போனார்கள். நடத்துநர் கோபிக்கவில்லை. டெனரை நிறுத்தினார், பெண்களை நிறுத்தினார், பேஸை மட்டும் அந்த நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பெஞ்சின் சாய்மரத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து இளைஞன் அந்த விரலைப் பார்த்தே பாடினான், தாளைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாரையும் சேர்த்தபோது அந்த இறக்கம் சரியாக வந்தது. யாரும் கைதட்டவில்லை, அடுத்த அடிக்குப் போனார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் கேட்டது அரை நிமிஷப் பாட்டுதான்.

இந்தப் பழக்கத்தின்மேல் விழுந்த பேரடியை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த ஆழிப்பேரலை. உறவெல்லாம் கரையோர ஊர்களில் கூடியிருந்த நேரம். 2001-இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 36,842. கார் நிக்கோபாரில் மலாக்கா முதலான கரை ஊர்கள் துடைத்தெறியப்பட்டன. எஞ்சியவர்களை உள்ளே மேட்டுக்குக் கொண்டுபோய்த் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். பிறகு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

வீடு கிடைத்ததைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எப்படிப்பட்ட வீடு என்பது பாட்டோடு சம்பந்தப்பட்டது. நிக்கோபாரியரின் குடும்பம் என்பது துஹெட், பல தலைமுறை ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்ணும் பெருங்குடும்பம். அரசாங்கக் கணக்கு அதைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பிரித்துத் தனித்தனி வீடாக ஒதுக்கியது. கடற்கரையில் எல்பனம் என்ற ஊர்ப்பொது வெளி இருந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் கூட்டத்துக்கும் விழாவுக்கும் அதுதான் இடம். அலை அதை வாரிக்கொண்டது. சுவர்களைத் திரும்பக் கட்டலாம், ஆலயங்களைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த டெனரும் பேஸும் வேறு வேறு குடியிருப்புக்குப் போனபின் ஒத்திகை மாலையைத் திரும்பக் கட்டுவது வேறு வேலை. அதையும் அவர்கள் செய்தார்கள். அபெர்வான் தகப்பன்மாரைப் பற்றிச் சொன்னேனே, கார் நிக்கோபாரை நினைத்துத்தான் சொன்னேன்.

நம் தீவுகளின் பாட்டு வரைபடம் இதோடு முடியவில்லை. 1918 முதல் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்ட ஒராவன், முண்டா, கடியா மக்கள்; 1925-இல் பர்மாவிலிருந்து மரம் வெட்ட வந்து மாயாபந்தர் அருகே வெபி கிராமத்தை அமைத்த கரேன் மக்கள். இவர்களை வனத்துறை தலைக்கணக்கில் எண்ணி இறக்கியது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்கு மரம் போனது இவர்கள் தோளில். கரேன்கள் பாப்டிஸ்டுகள், பர்மாவிலிருந்தே கூட்டுக் குரலில் பாடிப் பழகியவர்கள். வேலைக்கு ஆளாக வந்தவர்கள் ஒரு ஊராக மாறியதில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழர்களாகிய நாமும் அப்படித்தான் வந்தோம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், கேம்பெல் பேயில் குடியேறிய முன்னாள் படைவீரர்கள், துறைமுகத்துக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் அம்பாப் பாட்டும் நம்மிடம் இருந்தன. ஒருவர் எடுக்கப் பலர் வாங்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஆலயத்துக்கும் பஜனை மடத்துக்கும் வெளியே, சாதியும் சமயமும் கேட்காமல், வாரம் தவறாமல் கூடும் தமிழ்ப் பாட்டுக் குழு அரிது. எம்.பி. சீனிவாசன் அதைச் செய்து காட்டினார். தொழிற்சங்கத்திலிருந்து வந்த இசையமைப்பாளர். 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். பாரதியின் பாடல்களைப் பல குரலுக்குப் பிரித்தார். ராகத்தின் முகம் கெடாமல் இரண்டாம் குரலையும் மூன்றாம் குரலையும் எங்கே நிறுத்துவது என்பது கடினமான கணக்கு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிப்பிள்ளைகளைப் பழக்கி அந்தக் கணக்கை விடுவித்தார். 1988 மார்ச்சில், லட்சத்தீவுக்கு இசைப் பணியாகப் போன இடத்தில், காலமானார். தீவுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய் உயிர்விட்ட தமிழ் இசைக்காரர் அவர். நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இந்தப் பேச்சுக்கு அழைத்த அறக்கட்டளையாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வேதப்பன் சாலமோனின் நாட்குறிப்புப் பகுதிகளைக் குறிப்புகளோடு தமிழில் கொண்டுவாருங்கள். சிறு நூல்தான், ஒரு ஆண்டு வேலை. அதன் முதல் பிரதி மூஸ் கிராமத்துப் பள்ளிக்குப் போக வேண்டும்.

அடுத்தது பதிவு. 1957-இல் அமெரிக்க அரசு பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருந்தபோது, அவர் நியூயார்க்கில் நின்று, கடலடித் தொலைபேசிக் கேபிள் வழியாக வேல்ஸின் போர்த்கால் ஊரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். ட்ரியோர்க்கி ஆண்கள் குழு அதே கேபிளில் அவருக்குத் திருப்பிப் பாடியது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து இந்தத் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்தது. கார் நிக்கோபாரையும் அது தொடுகிறது. பழங்குடிப் பகுதிக்குள் நாம் படையெடுத்துப் போய் ஒலிவாங்கி நீட்ட வேண்டாம். அங்கேயே உள்ள குழுக்கள் தாங்களே பதிவு செய்து, எதை அனுப்பலாம் எதை அனுப்பக் கூடாது என்று தாங்களே தீர்மானிக்கட்டும். கருவிக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுப்பது மட்டும் நம் பங்கு.

மூன்றாவது இந்தக் கூடம் பற்றியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் இது பூட்டிக் கிடக்கிறது என்று செயலாளர் சொன்னார். அந்தச் சாவியைப் பாட்டுப் பழக விரும்புகிறவர்களுக்குக் கொடுங்கள். முருகன் கோயில் பஜனைக்காரரும் ஆலயப் பாடகரும் மீன்பிடித் துறைக்காரரும் பள்ளி ஆசிரியைகளும் வரட்டும். பெண்கள் வரத் தோதான நேரத்தை அவர்களே சொல்லட்டும். எடுத்த எடுப்பில் நான்கு குரல் வேண்டாம், இரண்டில் தொடங்கலாம். சோல்-ஃபா தாளைத் தமிழ் எழுத்தில் அமைத்துத் தர நான் ஒப்புக்கொள்கிறேன். நிக்கோபாரிய நடத்துநர் ஒருவரை முதல் மூன்று மாதம் ஆசிரியராக அழைப்போம், உரிய சம்பளம் கொடுத்து. ஆண்டு விழாவில் பாட வேண்டும் என்று தயவுசெய்து யாரும் முதல் வருஷத்தில் கேட்காதீர்கள்.